அப்பா கழுகுக்கு ஊசி போட்ட கதை

அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அவரிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். என் கணவரும் அதைத்தான் சொன்னார், அதுவும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். கேட்கலாம்தான். ஆனால் இதுவரை அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால், நான் கேட்ட அந்த நிமிடமே தெரிந்துவிடும். எழுபதை நெருங்குகிற மனிதர். சர்க்கரை வேறு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளின் பள்ளிக்கூடம். பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே நேரம் இருக்கிறது. போன மாதம் காய்கறி வேடம். என் மகளுக்கு வெண்டைக்காய். பச்சைத் துணிக்காகப் பெரம்பலூர் கடைவீதி முழுவதும் அலைந்தேன். இந்த முறை 'மறைந்துவரும் பறவைகள்'. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துவர வேண்டும். முன்பு பார்த்து இப்போது கண்ணில் படாத ஒரு பறவையைப் பற்றி அவர் கொஞ்ச நேரம் பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் சிட்டுக்குருவி என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்கள். என் மகள் மட்டும் எழுந்து நின்று, "மிஸ், எங்க தாத்தா பிணந்தின்னிக் கழுகுக்கு ஊசி போட்டிருக்காங்க" என்றாளாம்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தாதான் முதலில் பேச வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் நிகழ்ச்சி. அரியலூரிலிருந்து அப்பா இப்போதே தினமும் போன் செய்கிறார். வெள்ளைச் சட்டையா, கட்டம் போட்டதா? மைக் இருக்குமா, சும்மா சத்தமாகப் பேச வேண்டுமா? பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிவரலாமா? வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நாளில்கூட அவர் குரலில் இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

கதை பொய்யாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது முழுக்க உண்மை. நானும் கூட இருந்தேன். எங்கள் வீட்டில் காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் பந்தி முடிந்ததும் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கேட்கிற கதை அது. எனக்கும் பிடித்த கதைதான், போன வாரம்வரை. மகளின் பள்ளிக்கூட வேலைக்காகக் கழுகுப் படம் தேடப் போன இடத்தில், கழுகுகள் ஏன் அழிந்தன என்று எழுதியிருந்ததைப் படித்துத் தொலைத்தேன்.

மாடுகளுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோபினாக் என்ற மருந்துதான் காரணமாம். மாடு பிழைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. ஊசி போட்ட சூட்டோடு மாடு செத்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் அதுவும் செத்துவிடும். ஒரே மாட்டைக் கூட்டமாக வந்து தின்கிற பறவை என்பதால் கூட்டமாகவே செத்தன. இதைக் கண்டுபிடித்த பிறகு, அந்த மருந்தை மாடுகளுக்குப் போடக்கூடாது என்று அரசு தடை செய்துவிட்டது.

அப்பாவின் பையில் அந்த மருந்துதான் இருந்தது. மாட்டுக்கும் அதைத்தான் போட்டார். கழுகுக்கும் அதைத்தான் போட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பையைச் சுமந்தவள் நான். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய வயது. மரத்தடியில் காத்துக் கிடந்த நேரத்திலெல்லாம் படிக்கக் கிடைத்தவை மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மட்டும்தான். நல்லது எதுவும் என் நினைவில் நிற்காது. இது நிற்கிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் ஆண்டிமடத்தில் குடியிருந்தோம். அப்பா கால்நடை ஆய்வாளர். ஊர்க்காரர்கள் அவரை மாட்டு டாக்டர் என்றார்கள். தான் டாக்டர் இல்லை என்று அப்பா கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தார். பிறகு அவருக்கும் அது பழகிப்போய்விட்டது. அப்பாவின் கடைசித் தங்கையான என் சின்ன அத்தை திருச்சியில் விலங்கியல் படித்து, எம்.ஃபில். பட்டத்துக்காக 'பெரம்பலூர் மாவட்டத்தில் குறைந்துவரும் பறவைகள்' என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். ஊர் ஊராகப் போய், எந்தப் பறவை இன்னும் இருக்கிறது, எது வருவதில்லை என்று பார்த்து எழுத வேண்டும். அதை வைத்து எந்தப் பறவையை முதலில் காப்பாற்றுவது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நாளைக்கு அப்படி ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை.

இந்த நேரம் பார்த்து மாவட்டத்தைப் பிரித்தார்கள். அத்தை தலைப்பு வைத்தபோது அரியலூரும் ஜெயங்கொண்டமும் ஆண்டிமடமும் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தன. அவள் ஒரு சுற்று போய் வருவதற்குள் அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் பெரம்பலூர் என்பதை அடித்துவிட்டு அரியலூர் என்று எழுதினோம். அதோடு எங்களுக்கு வேலை முடிந்தது. அத்தைக்கோ, அவள் எண்ணிவைத்திருந்த பறவைகளில் பாதி ஒரே நாளில் வேறு மாவட்டத்துப் பறவைகளாகிவிட்டன. எண்ணிக்கையில் சேர்ப்பதா, விடுவதா என்று கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடம் கேட்டாள். "பொறும்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர். யாரிடம் கேட்டாரோ, மாதக்கணக்கில் பதில் இல்லை. அதுவரை இரண்டு பக்கமும் எண்ணுவோம் என்று அத்தை கிளம்பினாள்.

கல்யாணம் ஆகாத பெண் தனியாக ஊர் சுற்றக் கூடாது. அண்ணனோடு வண்டியில் போகலாம். ஆனால் அண்ணன் மாடு பார்க்கப் போய்விட்டால் முந்திரிக்காட்டில் தனியாக நிற்கக் கூடாது. ஆகவே துணைக்கு நான். பத்து வயதுப் பெண் பிள்ளை அத்தையை எதிலிருந்து காப்பாற்றும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி என் வாழ்க்கையிலிருந்து போனது. அப்பாவின் மொபெட்டில், முன்னால் மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நிற்க, பின்னால் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு அத்தை ஒருக்களித்து உட்கார, நடுவில் அப்பா மூச்சு முட்ட வண்டி ஓட்டினார்.

கௌதாரி இருக்கிறதா, காடை இருக்கிறதா என்று கேட்டால், எப்படிக் குழம்பு வைப்பது என்பது வரைக்கும் சொன்னார்கள். ஆனால் அத்தைக்கு முக்கியமாக வேண்டியிருந்தது பிணந்தின்னிக் கழுகு. மற்றவை குறைந்துகொண்டிருந்தன. அது மட்டும் ஒரேயடியாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எங்காவது கொஞ்சம் மிச்சம் இருப்பதைக் காட்டினால்தான் காப்பாற்றச் சொல்லிக் கேட்க முடியும். அதற்காக ஊருக்குள் போய், "உங்க ஊர்ப் பக்கம் பிணந்தின்னிக் கழுகு வருதுங்களா?" என்று கேட்பாள். கேட்டதும் முகங்கள் மாறிவிடும்.

"ஏம்மா, எங்க ஊர்ல எவன் எப்ப சாவான்னு கேக்க வந்தியா?" என்றார் டீக்கடையில் இருந்த ஒருவர்.

"இல்லீங்க, பறவைக் கணக்கு எடுக்கறோம்..."

"நாங்கல்லாம் நல்லாத்தான் இருக்கோம். அதெல்லாம் அடுத்த ஊர்ல. அங்க போய்க் கேளு."

அடுத்த ஊரில் அதற்கு அடுத்த ஊரைக் கை காட்டினார்கள். கழுகு வருகிற ஊர் என்றால் சாவு விழுகிற ஊர். எந்த ஊர்க்காரர் தன் ஊரைப் பற்றி அப்படிச் சொல்வார்? ஒரு பாட்டம்மாள் அத்தையின் நெற்றியைத் தடவி, "நல்ல எடத்துல வாக்கப்பட வேண்டிய புள்ள, இந்தப் பேச்செல்லாம் பேசாத தாயி" என்று திருநீறு பூசிவிட்டாள். இப்படியே ஊர் ஊராகத் தள்ளப்பட்டு மாவட்ட எல்லைக்கே வந்துவிட்டோம். மக்கள் சொன்னதை அப்படியே எழுதினால், எல்லாக் கழுகுகளும் எப்போதும் அடுத்த ஊரில்தான் இருந்தன.

வீட்டில் அம்மா வேறு. "வெளக்கு வைக்கற நேரத்துல அந்தப் பேர எடுக்காத" என்பாள். பகலிலும் எடுக்கக் கூடாது என்று பிறகு சட்டம் மாறியது. அம்மா இருக்கும்போது அது 'அந்தப் பறவை' ஆனது.

கடைசியில் அத்தை அப்பாவிடம் வந்தாள். "அண்ணே, கேட்டா எவனும் சொல்ல மாட்டான். மாடு செத்துக் கெடந்தா தானா வரும். எங்கயாச்சும் மாடு செத்தா எனக்குச் சொல்லேன்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்ல குடும்பத்துல வந்து மாட்டிக்கிட்டேன். அண்ணன் மாட்டப் பொழைக்க வைக்கப் போறாரு. தங்கச்சி எப்ப சாவும்னு பையத் தூக்கிக்கிட்டு நிக்கறா."

"பைய நான்தாம்மா தூக்கறேன்" என்றேன். எனக்கு ஒரு குட்டு விழுந்தது.

மீன்சுருட்டிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே ஓர் அக்காவின் கறவை மாடு கன்று போட்டபின் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டது. வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்தார். அந்த மாட்டின் பாலில்தான் குடும்பம் ஓடியது. அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். பையை வாங்கி ஊசி போட்டார். அந்த அக்கா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எதுக்கு தாயி வந்துருக்க? கழுத்துல என்னமோ கண்ணாடி தொங்குது."

அத்தை தொலைநோக்கியைக் கையால் மறைத்துக்கொண்டாள். "என் தங்கச்சிங்க. காலேஜ் படிக்குது. சும்மா கூட வந்துச்சு" என்றார் அப்பா.

"படிச்ச புள்ள வாயால ஒரு வார்த்த சொல்லு. எந்திரிச்சிடுமா?"

"எந்திரிச்சிடுங்க அக்கா" என்றாள் அத்தை. மறுநாள் காலையும் போனோம். அப்பா மறுபடியும் அதே ஊசியைப் போட்டார். மாடு எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த அக்கா அழுத அழுகையைக் கேட்க முடியாமல் அப்பா வெளியே போய் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த வண்டி.

மாட்டை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து என்னை அத்தையோடு அனுப்பினார்கள். ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தோம். நாற்றம் தாங்கவில்லை. நாய்கள் வந்தன, காக்கைகள் வந்தன. அந்தப் பறவை மட்டும் வரவில்லை. வூட்டுக்குப் போலாம் அத்தை, வூட்டுக்குப் போலாம் என்று நான் அரித்தேன். "வாய மூடிக்கிட்டு ஒக்காரு, இல்லன்னா ஒன்னையே அங்க கொண்டுபோய்ப் போட்டுருவேன்" என்றாள். துணைக்கு வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை.

வெயில் ஏறிய பிறகு வானத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டது. அப்புறம் இன்னொன்று. இறங்கும்போது புடவையை உதறுவது போலச் சத்தம் கேட்டது. கழுத்தில் மயிர் இல்லாத, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிற அசிங்கமான பறவை. இதற்காகவா இத்தனை அலைச்சல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தையோ என் மணிக்கட்டை வளையல் உடையும்படி பிடித்துக்கொண்டு, "ஏழு... ஏழு இருக்குடி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நாற்றத்தால் என்று நினைத்தேன்.

ஒரு முறை எண்ணினால் போதாது, மறுபடியும் எண்ணிச் சரிபார்க்க வேண்டுமாம். சில நாள் கழித்து மறுபடியும் போனோம். இந்த முறை அப்பாவும் கூட வந்தார். ஏரிக்கரை இலுப்பை மரத்தில் அவை உட்கார்ந்திருந்தன. எல்லாம் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தன. பஸ்ஸில் தூங்குகிறவர்களின் தலை முன்னால் விழுமே, அப்படி.

"தூங்குது அத்தை" என்றேன்.

"பகல்லயா?" என்றாள் அவள். தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒன்று மரத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போயும் பறக்கவில்லை. இறக்கையை லேசாக விரித்து, மறுபடியும் மடக்கிக்கொண்டது. அதன் அலகு மண்ணைத் தொட்டது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நோய் கண்ட ஜீவன் எதைப் பார்த்தாலும் சும்மா போக முடியாதவர் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டார். "ஒடம்பு கொதிக்குது. காய்ச்சலாத்தான் இருக்கும். குட்டி, பையக் கொண்டா."

"அண்ணே, இதுக்கெல்லாம் அளவு தெரியுமா ஒனக்கு?"

"மாட்டுக்கு அவ்வளவுன்னா இதுக்கு ஒரு சொட்டு. கோழிக்குப் போடறதில்ல?"

அதற்குள் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. எங்கள் ஊரில் கழுகே இல்லை என்று சொன்ன அதே ஊர். "டாக்டரய்யா, அதுக்குச் சீட்டு எழுதிட்டீங்களா?" என்றார் ஒருவர். "எத்தன வேளைன்னு அதுகிட்டயே சொல்லிருங்க" என்றார் இன்னொருவர். மாட்டைப் பறிகொடுத்த அக்காவும் கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் சொன்னதுதான் உச்சம். "என் மாட்டுக்குப் போட்டீங்க, ஒரேயடியாப் படுத்துருச்சு. இதுக்காச்சும் பலிக்குதான்னு பாப்போம்."

ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஊசி போட்டார். துண்டை எடுத்ததும் கழுகு அசையாமல் இருந்தது. அதன் தலை மெல்லத் தாழ்ந்து அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அந்த அக்கா சொன்ன வார்த்தையோடு அப்பா கதையை முடிப்பார். பந்தியில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்தது கதையில் வராது. கொஞ்ச நாளில் பேராசிரியரின் பதில் வந்தது. தலைப்பு பெரம்பலூர் மாவட்டம், அந்த ஏரி இருப்பது அரியலூர் மாவட்டம், ஆகவே அந்த ஏழு கழுகையும் எடுத்துவிடு. அத்தை எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். பறவைக்கு எல்லை தெரியாது சார் என்றாளாம். தலைப்புக்குத் தெரியும்மா என்றாராம் அவர்.

கூத்து அதோடு முடியவில்லை. அடுத்த வருடமே இரண்டு மாவட்டங்களையும் மறுபடியும் ஒன்றாக்கிவிட்டார்கள். நாங்கள் நோட்டு அட்டையில் அரியலூரை அடித்துப் பெரம்பலூர் என்று எழுதினோம். (பிறகு மறுபடியும் பிரித்தார்கள். அப்போது நான் நோட்டுக்கு அட்டை போடுவதையே விட்டிருந்தேன்.) இப்போது பேராசிரியர், அந்தப் பக்கத்தையும் சேர்த்துவிடு, ஆனால் புதிதாக எண்ணி வா என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் முகூர்த்தம் குறிக்கத் தொடங்கியிருந்தார்கள். அத்தை அவசர அவசரமாக என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். இலுப்பை மரம் காலியாக இருந்தது. வழியில் ஒருவரிடம் கேட்டோம். "அடுத்த ஊருக்குப் போயிருக்கும்" என்றார்.

எந்த அடுத்த ஊரில் போய்த் தேடுவது? முதல் வருடம் இருந்தன, எழுத முடியவில்லை. இரண்டாம் வருடம் எழுதலாம், ஆனால் அவை இல்லை. அத்தை 'காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்துகொண்டு, ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்குக் குடிபோனாள். அந்த ஆய்வைப் புரட்டுகிற யாருக்கும் எங்கள் பக்கம் பிணந்தின்னிக் கழுகு இருந்ததே தெரியாது. அவை இருந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அப்பா சொல்லிச் சிரிக்க வைக்கிற கதை. அதையும் நான் நிறுத்திவிட்டால் அவை வந்ததும் இல்லை, போனதும் இல்லை என்றாகிவிடும்.

தாங்க முடியாமல் நேற்று அத்தைக்குப் போன் செய்தேன். "அத்தை, அன்னிக்கு அப்பா போட்ட ஊசி இருக்குல்ல..." என்று நான் தொடங்கியதுமே, "தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"பேப்பர்ல வந்த அன்னிலேர்ந்து."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னுடி சொல்றது? அண்ணே, மாடு செத்தாச் சொல்லுன்னு நான் கேட்டேன், ஊசிய நீ போட்ட, ரெண்டு பேரும் சேந்து முடிச்சு வச்சிட்டோம்னா?"

அப்பா கதையைத் தொடங்கும்போதெல்லாம் அத்தை காபி போடுகிறேன் என்று எழுந்து போவது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது போலும் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, இப்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நீயும் ஒரு புள்ளைக்குத் தாயாயிட்ட. நீயே யோசி" என்று போனை வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் உதவி கேட்டால் இப்படித்தான் கிடைக்கும்.

நானும் யோசிக்கிறேன். தடை வந்தபோது அப்பா வேலையில்தான் இருந்தார். ஆபீசுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கும். இதைப் போடாதே, அதைப் போடு என்று மட்டும் அதில் இருந்ததா, ஏன் என்றும் இருந்ததா? படித்துக் கையெழுத்துப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நான் சின்னவளாக இருந்தபோது, "மாட்டுக்குப் போட்ட அதே ஊசியப் போட்டேன்" என்றுதான் அப்பா சொல்வார். இப்போது என் மகளுக்குச் சொல்லும்போது, "ஒரு சத்து ஊசி போட்டேன்" என்கிறார். அந்தப் பையில் சத்து ஊசி எதுவும் இருக்கவில்லை. வயதானதில் மறந்துவிட்டாரா? இல்லை, எப்போதோ ஒரு நாள் ஆபீசில் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கதையில் ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டாரா? அந்த ஊசியை மாற்றினால் அக்கா சொன்ன வார்த்தைக்குப் பொருளே இல்லை. ஆனால் அதைக் கேட்டு எல்லோரும் இன்னமும் சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள்.

அன்று மொபெட்டில் திரும்பி வந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கழுகு தலையைத் தாழ்த்தியதை, அப்பாவைக் கும்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊசி போட்டாகிவிட்டது, இனி சரியாகிவிடும். அப்பா தொட்டால் சரியாகிவிடும். அத்தை ஏன் திரும்பித் திரும்பி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல மனதோடு கொடுக்கிற மருந்தும் கெடுதல் செய்யும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றியிருக்க வழியே இல்லை. இப்போது மகளுக்குக் காய்ச்சல் என்றால், டாக்டர் எழுதிய மருந்தைக்கூட மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். கொடுத்த பிறகும் சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். டீச்சரை முன்பே பார்த்து, ஊசியைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவைக்கட்டுமா? அந்த டீச்சர் கழுகு எதனால் அழிந்தது என்பதைப் படிக்காமலா இந்தத் தலைப்பை எடுத்திருப்பார்? அப்பாவைத் தடுத்தால் அவர் மனம் உடையும். காரணம் சொல்லித் தடுத்தால் இன்னும் உடையும். பேசட்டும் என்று விட்டுவிடலாம் என்றால் வேறு ஒரு பயம் வருகிறது. எங்கள் வீட்டுப் பந்தியில் சிரித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவோம். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் அதற்கு மேல் கேட்டதில்லை. வகுப்பில் இருப்பவர்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: "அப்புறம் அந்தக் கழுகு என்ன ஆச்சு தாத்தா?" அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.